நாலடித் தண்ணீர்

இருநூற்றுப் பதினான்கு தடவை விமானத்திலிருந்து குதித்த மனிதர், நாலடித் தண்ணீருக்குள் இறங்க மாட்டாமல் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

பாராசூட் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து தெருவில் எல்லோருக்கும் அவர் குடைக்காரர்தான். புதிதாகக் குடிவந்த ஒருவர் அந்தப் பெயரை நம்பி, கம்பி ஒடிந்த மழைக்குடையோடு வந்து கதவைத் தட்டியதும் உண்டு. குடைக்காரர் அவரை உட்காரவைத்து, கம்பியை நேராக்கிக் கொடுத்து, அந்தச் சாக்கில் முக்கால் மணி நேரம் தன் வீரதீரத்தையும் சொல்லித்தான் அனுப்பினார்.

வயது எழுபத்தொன்று. நெஞ்சு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. முழங்கால்தான் காலை வாரிவிட்டது. குதித்த ஒவ்வொரு தடவையும் பூமி வந்து மோதிய இடம் அதுதானே. மாடி ஏறினால் படிக்கொரு பெருமூச்சு. இறங்கினால் படிக்கொரு முனகல். எதற்கு வம்பு என்று அவர் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டதில், வயிறு வேறு ஒரு சுற்றுப் பெருத்துப்போனது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த முழங்காலை வச்சிக்கிட்டு ஓடவும் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது. தண்ணிக்குள்ள நின்னு பயிற்சி பண்ணுங்க. உடம்பு பாரத்தைத் தண்ணி தாங்கிக்கும்."

"தண்ணிக்குள்ளயா?"

"ஏன், தண்ணின்னா பயமா?"

"பயமா? எனக்கா?" என்று குடைக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி காரியத்தில் இறங்கினாள். நாற்பத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் தொட்ட காரியம் எதையும் பாதியில் விட்டவள் இல்லை. மறுநாளே முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போய் விசாரித்தாள். நகராட்சி நீச்சல் குளத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு வயதான படைவீரர்களுக்கு என்றே தண்ணீர்ப் பயிற்சி நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள். பெயரைக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் நீச்சல் கால்சட்டையும் வாங்கி வந்துவிட்டாள். கடையில் அவர் இடுப்பளவுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். நீலத் துணியில் பெரிய பெரிய மஞ்சள் மீன்கள்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் நாலு பேர் முன்னாடி நிக்கணுமா?"

"தண்ணிக்குள்ளதானே நிக்கப்போறீங்க. மீனுக்கு அதுதான் இடம்."

இப்படியாகத்தான் அவர் அந்தச் செவ்வாய்க்கிழமை ஏணியில் வந்து மாட்டிக்கொண்டார்.

குளத்தில் ஏற்கெனவே எட்டுப் பேர் இறங்கியிருந்தார்கள். கரையில் ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பயிற்சி கொடுக்கிற அம்மாள் நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் போட்டிகளில் நீந்திப் பதக்கம் வாங்கியவள். குரல் கூரையில் பட்டுத் திரும்பி வரும். எல்லோரும் அவளைக் கோச்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இறங்குங்க சார். நெஞ்சளவுதான்."

"தண்ணி சில்லுனு இருக்கா, வெதுவெதுன்னு இருக்கா?"

"இறங்கினா தெரிஞ்சிடும்."

"இல்ல, முழங்காலுக்கு ஒத்துக்கணுமே."

அதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து தொப்பையும் தொப்பியுமாக ஒருவர் குரல் கொடுத்தார். "பயப்படாம வாங்க. முப்பது வருஷம் கடல்லயே கிடந்தவன் நான். பக்கத்துல நிக்கிறேன்." அவர் கப்பற்படையில் எந்திர அறையில் வேலை பார்த்தவர். ஆகவே எல்லோருக்கும் மாலுமி.

பயம் என்ற சொல் காதில் விழுந்ததும் குடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று படி இறங்கிவிட்டார். கால் தரையில் பட்டது. தண்ணீர் நெஞ்சை அழுத்தியது. வலது கை பக்கச் சுவரின் கம்பியைப் பிடித்ததுதான் தெரியும், அடுத்த ஒரு மணி நேரம் அதை விடவே இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோச்சம்மா "லெஃப்ட், ரைட்" என்று ஆரம்பித்ததும் ஒன்பது பேரின் முதுகும் தானாக நிமிர்ந்தது. கம்பியைப் பிடித்தபடியே குடைக்காரர் முழங்காலைத் தூக்கினார். வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினார். ஊஹூம், வலி என்ற பேச்சே இல்லை. இடுப்பு உயரத்துக்கு முழங்கால் வந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காணாமல்போன முழங்கால் அது. யாரோ தேடிக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது அவருக்கு.

பக்கத்தில் பீரங்கி என்ற பெயருள்ள கிழவர் தண்ணீரைத் தெறிக்கவிட்டு அணிவகுத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. பீரங்கிப் படையில் காதைத் தொலைத்தவர். காதுக்கருவி நனையக் கூடாது என்று கழற்றி வைத்துவிட்டு இறங்குவதால், தண்ணீருக்குள் அவருக்கு எதுவும் கேட்காது. எல்லோரும் நின்ற பிறகும் அவர் மட்டும் இன்னும் இரண்டு நிமிஷம் போருக்குப் போய்க்கொண்டிருப்பார்.

வாரங்கள் ஓடின. குடைக்காரர் மாடிப்படியை முனகாமல் இறங்கினார். கால்சட்டையின் நாடாவை இரண்டு விரல்கடை இறுக்க வேண்டியிருந்தது. மனைவி அதைக் கவனித்து, பக்கத்து வீட்டில் மட்டும் பெருமை அடித்துக்கொண்டாள். குளத்தில் அவர் கம்பியைப் பிடித்தபடியே இருந்ததை யாரும் கேட்கவில்லை. மாலுமியும் அதே கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்களுக்குத் துணையாத்தான் நிக்கிறேன்," என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்கொள்வார். நல்ல மனுஷன் என்று குடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோச்சம்மா ஊதலை ஊதினாள்.

"எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. இன்னும் அஞ்சு வாரத்துல நம்ம வகுப்பு முடியுது. கடைசி நாள் உங்க வீட்டு ஆளுங்களையெல்லாம் கூப்பிடப் போறேன். நீங்க ஒவ்வொருத்தரா இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நீந்திக் காட்டணும். குறுக்கால பன்னிரண்டு மீட்டர்தான். உங்களுக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு."

மாலுமி இன்னொரு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் விண்ணப்பத்துல நீச்சல் தெரியும்னு குறி போட்டிருக்கீங்க. அதனாலதான் தைரியமா ஏற்பாடு பண்றேன்."

பெயரைக் கொடுத்தது மனைவி என்றாலும், முதல் நாள் விண்ணப்பத்தில் அந்தக் குறியைப் போட்டது குடைக்காரர்தான். வரிசையில் முன்னால் நின்றவர் போட்டதைப் பார்த்தார், பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பதையும் பார்த்தார். போட்டுவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். குளத்து வாசல் வரைக்கும் போனார். கால் தானாக எதிர்ப்பக்கம் இருந்த பூங்காவுக்குள் திரும்பியது. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து புறாக்களை எண்ணினார். அப்புறம்தான் உறைத்தது, காய்ந்த துண்டோடு வீட்டுக்குப் போனால் மனைவி என்ன நினைப்பாள் என்று. பூங்காவின் கோடியில், தோட்டக்காரருக்கு என்று ஒரு குழாய் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்குப் பின்னால் போனார்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் குனிந்து ஒரு கால்சட்டையைக் குழாயில் நனைத்துக்கொண்டிருந்தார். தொப்பை. தொப்பி.

மாலுமி நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாலுமியின் கையில் கால்சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. குடைக்காரரின் கையில் மஞ்சள் மீன்கள் காய்ந்துபோய்க் கிடந்தன.

"காத்தாட வந்தேன்," என்றார் மாலுமி.

"நானும்தான்."

"வெயில்ல கால்சட்டை சூடாயிடுச்சு. அதான்."

"எனக்கும் அதேதான்."

மாலுமி குழாயை மூடிவிட்டு, செடித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"யோவ், ஒண்ணு சொல்லுவேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு நீச்சல் தெரியாது."

குடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கப்பற்படையில முப்பது வருஷம்."

"கப்பல் நீந்துச்சு. நான் உள்ள இருந்தேன்."

"சேர்றப்போ பரீட்சை வச்சிருப்பாங்களே."

"வச்சாங்க. என் பேர்ல என் சிநேகிதன் குதிச்சான். அவன் பேர்ல நான் கணக்குப் பரீட்சை எழுதினேன். தலையில தொப்பி, மூஞ்சி பூரா தண்ணி, எவனுக்கு அடையாளம் தெரியும்? அம்பத்தஞ்சு வருஷமா இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்டக்கூட. பேரப்பிள்ளைங்ககிட்ட நான் சுறாமீனோட போட்டி போட்டு நீந்தினதா வேற சொல்லி வச்சிருக்கேன்."

"ஜெயிச்சது யாரு?"

"நான்தான்."

குடைக்காரருக்குச் சிரிப்பு வயிற்றின் அடியிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாலுமி முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு கிழவர்களும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நாய் ஒன்று வந்து நின்று பார்த்துவிட்டு, சரிப்படாது என்று போய்விட்டது.

மூச்சு வந்ததும் குடைக்காரர் தன் கதையைச் சொன்னார். பயிற்சிக் காலத்தில் ஒரு தடவை குதித்தபோது காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஏரிக்குள் போட்டது. மேலேயிருந்து பாராசூட் துணி ஈரப் போர்வையாகத் தலையில் விழுந்து மூடியது. மேலே எது, கீழே எது என்று புரியவில்லை. கையைக் காலை உதறி, இதோ முடிந்தது கதை என்று நினைத்த நேரத்தில் தற்செயலாக எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. கரையில் மொத்தப் படையும் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அந்தத் துணி வந்து மூஞ்சியில் விழுந்த மாதிரியே இருக்கும்.

"ஆகாசத்துல பயம் இல்ல, தண்ணியில பயம். நல்ல ஜோடிய்யா நாம," என்றார் மாலுமி.

நனைத்த துணியோடு குடைக்காரர் வீட்டுக்கு வந்தார். மனைவி துண்டைக் கொடியில் போட எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"எந்தக் குழாய்?"

"என்ன கேக்கிற?"

"இத்தனை வாரமா வீடு பூரா குளோரின் வாசனை. இன்னிக்கு மண்ணு வாசனை. எந்தக் குழாய்னு கேட்டேன்."

அவளிடம் தண்ணி காட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஏரி, துணி, குறி, கம்பி, ஒன்று விடவில்லை. மாலுமியின் கதையை மட்டும் கொடுத்த வாக்குக்காக மறைத்தார். அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்தனை வருஷமா கடற்கரைக்குப் போனா நீங்க செருப்பைப் பார்த்துக்கிறேன்னு உட்கார்ந்தது இதுக்குத்தானா?"

"ஆமா."

"யாரும் அந்தச் செருப்பைத் திருட மாட்டாங்களேன்னு நானும் யோசிச்சிருக்கேன்." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "வெள்ளிக்கிழமை போய் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அது சொல்லிக்கொடுக்கத்தானே அங்க நிக்குது."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல், பயிற்சி முடிந்ததும் காதோடு காதாகச் சொல்லிவிடுவது என்று முடிவு. கோச்சம்மா கரையோரம் வந்து குனிந்தாள். மாலுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"கோச்சம்மா, வந்து, எங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது."

பக்கத்தில் நின்ற பீரங்கி தலையைத் திருப்பினார். "என்ன சொன்னே?"

"உன்கிட்ட இல்ல."

"என்ன?"

"ஒண்ணுமில்லய்யா."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

"நீச்சல், நீச்சல்," என்றார் மாலுமி, கையை ஆட்டிக்காட்டி.

"நீச்சலுக்கு என்ன?"

குடைக்காரர் பொறுமை இழந்தார். "தெரியாது. எங்களுக்கு நீச்சல் தெரியாது." அந்தக் கூரை கோச்சம்மாவின் குரலுக்குப் பழகிய கூரை. நாலா பக்கமும் மோதி, 'தெரியாது தெரியாது' என்று மூன்று தடவை திருப்பிச் சொன்னது. ஏழு தலைகள் திரும்பின.

பீரங்கியின் முகம் மெல்ல மலர்ந்தது. "இவ்வளவுதானா? எனக்கும்தான் தெரியாது," என்றார் பீரங்கிக் குரலில்.

பிறகு மூலையிலிருந்து ஒரு கை மெதுவாகத் தண்ணீருக்கு மேலே வந்தது. எல்லைக் காவலில் லாரி ஓட்டியவர். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை. அப்புறம் இன்னொன்று. படையில் சமையல் பார்த்தவர் இரண்டு கையையும் தூக்கினார், ஒரு கை போதாது என்பதுபோல. கடைசியில் எண்ணிப் பார்த்தால், நீந்தத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர், ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மாள். "இத்தனை பேர் நம்பிக்கையா குறி போட்டிருக்காங்களே, யாராவது முழுகினா இவங்க காப்பாத்துவாங்கன்னு இருந்தேனே," என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

கோச்சம்மா திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. ஊதலை வாயில் வைத்தாள், சிரிப்பில் அது கீச்சுக்கீச்சென்று விட்டுவிட்டு ஒலித்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாலு வாரம் இருக்கு. கம்பியை விடுங்க எல்லாரும்."

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. முதல் வாரம் மூஞ்சியைத் தண்ணீருக்குள் வைக்கப் பழகினார்கள். எட்டுப் பெரிய மனிதர்கள் வட்டமாக நின்று 'புளக் புளக்' என்று குமிழி விட்டார்கள். இரண்டாம் வாரம் மல்லாந்து மிதப்பது. மாலுமிக்கு அவர் தொப்பையே தெப்பமாகிவிட்டது. முதல் தடவையே ஜம்மென்று மிதந்தார். "நான் சொல்லல, கடல் ரத்தம்," என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து நின்றார்.

குடைக்காரர்தான் கல்லாகக் கிடந்தார். கோச்சம்மா அவர் முதுகுக்குக் கீழே ஒரு கை வைத்துத் தாங்கினாள். "விறைக்காதீங்க சார். தலையைப் பின்னால போடுங்க. காது நனையட்டும்."

"கையை எடுத்துடாதே."

"எடுக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா எடுக்க மாட்டேன். நீங்களே எப்போ சொல்றீங்களோ அப்பதான்."

ஒரு வகுப்பு போனது. இரண்டு போனது. காதுக்குள் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அந்த ஈரத் துணி வந்தது. அவர் திமிறி எழுந்தார். நின்றார். தண்ணீர் நெஞ்சுக்குத்தான் இருந்தது. மறுபடியும் படுத்தார். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, கூரைக் கண்ணாடியில் ஒரு மேகம் நகர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, துணி வரவில்லை. வரும் என்று காத்திருந்தார். வரவே இல்லை.

"எடுத்துடும்மா," என்றார்.

அவள் எடுத்தாள். அவர் அப்படியே இருந்தார்.

கடைசி நாள் வந்தது. மேலே படிக்கட்டு இருக்கைகளில் மனைவிமாரும் மகன் மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய், கைதட்டலை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள், யாரையாவது காப்பாற்ற வேண்டிவருமோ என்ற முகத்தோடு. பீரங்கி நாய் நீச்சல் அடித்துச் சேர்ந்தார். அவர் கிளப்பிய அலையில் கரையில் இருந்த செருப்புகள் நனைந்தன. சமையல்காரர், லாரிக்காரர், மற்ற மூவர் என்று ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

எட்டாவது ஆள் குடைக்காரர். மஞ்சள் மீன்களோடு சுவரை உதைத்துக் கிளம்பினார். கை, கால், கை, கால். பாதி தூரம் போனதும் மூச்சு வாங்கியது. கோச்சம்மா சொல்லிக்கொடுத்தபடி மல்லாந்து திரும்பினார், கொஞ்சம் இளைப்பாறலாம் என்று.

அங்கேதான் வினை. காது தண்ணீருக்குள் போனதும் உலகம் அடங்கியது. கீழே ஒன்றுமில்லை, மேலே வானம். விமானத்தை விட்டுக் குதித்ததும் குடை விரிகிறவரைக்கும் வருகிற அந்தச் சில நொடிகள் இருக்கிறதே, அதே மிதப்பு, ஆனால் இப்போது மோதுவதற்குப் பூமி கிடையாது. முழங்காலுக்கு வேலையே இல்லை. இப்படியே கிடக்கலாம், அவசரமே இல்லை. அவருக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது, அதற்கும் சிரித்தார்.

மேலே மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா அந்தப் பக்கம் போங்களேன்."

"போறேன், போறேன். என்ன அவசரம்?"

பின்னாலேயே கிளம்பிவிட்ட மாலுமி நேராக வந்து அவர்மேல் முட்டினார். "யோவ், நடு வழியில படுத்துக்கிட்டு என்னய்யா பண்றே?"

"நீயும் படுத்துப் பாரு."

மாலுமி படுத்துப் பார்த்தார். இரண்டு தொப்பைகளும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. கோச்சம்மா ஊதலை ஊதினாள். யாரும் அசையவில்லை. பிறகு ஒரு வழியாகத் திரும்பி, ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டார்கள்.

மாலுமியின் பேத்தி படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தாத்தா, சுறாவை ஜெயிச்சவர் இவ்வளவு மெதுவாவா நீந்துவாரு?"

மாலுமி தண்ணீர் சொட்ட நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் குடைக்காரர் பார்த்தார்.

"சுறாவெல்லாம் சும்மா சொன்னது, கண்ணு. தாத்தா இன்னிக்குத்தான் முதல் தடவையா நீந்தியிருக்கேன்."

குழந்தை யோசித்தது. "அப்போ பரவாயில்ல. முதல் தடவைக்கு நல்லாத்தான் இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னது. மாலுமியின் மனைவிதான், முப்பது வருஷமும் கப்பலில் இவர் எப்படி இருந்தார் என்று இப்போது நினைத்து, தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லோருமாகக் குளத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குள் நுழைந்தார்கள். நாற்காலி பத்தாமல் பாதிப் பேர் நின்றார்கள். ஈரத் தலையோடு ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பீரங்கி காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, இரைச்சல் தாங்காமல் மறுபடி கழற்றினார். அடுத்த வகுப்பில் நீளவாட்டில் நீந்துவதா, ஆழமான பக்கம் போவதா என்று சண்டை. கோச்சம்மா ஒரு தம்ளர் டீயைப் பிடித்துக்கொண்டு, முதலில் எல்லோரும் ஒழுங்காக மூச்சு விடப் பழகுங்கள் என்றாள்.

குடைக்காரருக்கு அகோரப் பசி. இரண்டு தட்டு காலி பண்ணினார். மனைவி தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, துண்டின் நுனியால் அவர் காதோரத்தைத் துடைத்தாள்.

"நடுவுல கிடந்தீங்களே, அப்படி என்னதான் இருந்துச்சு அங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். "அது வந்து, கீழ ஒண்ணுமே இல்லாம..." அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கையைக் காட்டி, கொஞ்சம் இரு என்றார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி சிரித்தார். என்னவென்றே தெரியாமல் அவளுக்கும் சிரிப்பு வந்தது. "வாயில இருக்கிறதை முழுங்கிட்டுச் சொல்லுங்க," என்று சொல்லி, அவர் முதுகைத் தட்டிக்கொண்டே காத்திருந்தாள்.